வாக்குத்தத்தப் பெட்டி: நோயாளி வீட்டுக்கு வாங்கும் முன்

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சாமான் இது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதற்குள் சீட்டுக்கட்டு மாதிரி பைபிள் வசன அட்டைகள். காலையில் கண்ணை மூடி ஒன்றை உருவ வேண்டும். வந்த வசனம் அன்றைய வாக்குத்தத்தம், அதாவது அன்றைக்குக் கர்த்தர் தரும் வாக்கு. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதே பெட்டி மலையாள எழுத்தில் கிடைக்கும்.

தனக்கென்று இதை வாங்குகிறவர்களைவிட அடுத்தவருக்குக் கொடுக்க வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு வீட்டில் கீமோ தொடங்கியிருக்கும், கடன் கழுத்தை நெரிக்கும், அல்லது சாவு விழுந்திருக்கும். பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இதையும் கொண்டுபோவார்கள். அதனால் இந்த மதிப்பீடும் அந்த வீட்டை மனதில் வைத்துத்தான். சுகமாக இருக்கிறவர் கையில் இந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். கடையில் வாங்கினபடியே பாடுபடுகிறவர் கையில் கொடுத்தால் இரண்டுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தால் மறுபடியும் நான்கு. அந்த ஒரு மணி நேர வேலை என்ன என்பதுதான் கீழே.

முதலில் பொருளாக எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. லேமினேட் செய்யாத அட்டை ஒரு மழைக்காலத்திலேயே வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு லேமினேஷன் ஈரத்தைத் தாங்கும், ஆனால் படுத்திருப்பவர் கண்ணுக்கு டியூப்லைட் வெளிச்சம் அட்டையில் பட்டு எழுத்து தெரியாது. மேட் லேமினேஷன்தான் சரி. சானிடைசர் துணியால் துடைத்தாலும் மை கலங்காது. சூரிய உதயப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சடித்த பெட்டிகளை வாங்காதீர்கள். பகலில் அழகாக இருக்கும், இரவு விளக்கில் ஒன்றும் தெரியாது. கீமோ மருந்துகள் சிலவற்றால் விரல்நுனி மரத்துப்போகும். அப்படிப்பட்டவருக்கு நெருக்கி அடுக்கிய மெல்லிய அட்டையில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே பெரிய பாடு. தடித்த அட்டையாக, பெட்டிக்குள் கால்வாசி இடம் காலியாக இருக்கும்படி வையுங்கள். பிளாஸ்டிக் மூடி இணைப்பில்தான் முதலில் உடையும். தகர டப்பா கிடைத்தால் அதுவே நல்லது.

அட்டையில் புத்தகம், அதிகாரம், வசன எண் மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் இல்லாத பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம். எண் இருந்தால்தான் பிறகு சொல்லப்போகிற எதையும் செய்ய முடியும்.

இப்படி வசனத்தைச் சீட்டாக எடுக்கும் பழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் 1728-இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். 1731 முதல் ஆண்டுதோறும் அதைப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். அங்கேயும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுப்பார்கள். ஆனால் வசனத்தைத் தனியாக விடமாட்டார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்துக்குத் துணையாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்றைத் தேடி வைப்பார்கள், கூடவே ஒரு ஜெபமோ பாட்டோ இருக்கும். நம் பெட்டிக்கு வரும்போது சீட்டு மட்டும் வந்தது, துணை வழியில் விழுந்துவிட்டது. பிரச்சினை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டியில் அநேகமாகத் தவறாமல் இருக்கும் ஓர் அட்டை யோபு 8:7. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." கடைத் திறப்பு, வீடு பால் காய்ச்சு, புது வருஷ அட்டை எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். இதைச் சொன்னது யார்? கர்த்தர் இல்லை, யோபுவும் இல்லை. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் ஒருவனான பில்தாத். பிள்ளைகள் பத்துப் பேரையும் புதைத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்குரியது கிடைத்தது என்று நான்காம் வசனத்தில் சொல்லிவிட்டு, நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று ஆறாம், ஏழாம் வசனங்களில் ஆறுதல் சொல்கிறான். கடைசியில் 42:7-இல் கர்த்தர் இந்த நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார், என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்த அட்டை வந்து, யாராவது அதிகாரத்தைத் திறந்து மேலே மூன்று வசனம் வாசித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இந்த அட்டையைக் கிழிக்க வேண்டாம். பின்பக்கத்தில் "பில்தாத் சொன்னது" என்று எழுதி வெளியே எடுத்து வைத்தால் போதும்.

யோபுவின் கதைக்கு இந்த மண்ணில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுக்கும் ஆளானார். நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை அரண்மனை ஊழியர். மாடும் சொத்தும் அழிந்து நொந்துபோயிருந்தவரிடம் டிலனாய் சொன்னது யோபுவின் கதை. ஒரு வசனத்தைக் கையில் திணிக்கவில்லை, கதையை முழுசாகச் சொன்னார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்டன் தேவசகாயம் ஆனார். அதன்பின், யோபுவுக்கு வந்ததுபோல், இழந்தது இரட்டிப்பாய்த் திரும்பி வந்ததா என்றால், இல்லை. சிறையும் சித்திரவதையும் வந்தன. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2022 மே 15-இல் புனிதர் பட்டம். பில்தாத்தின் அட்டைப்படி பார்த்தால் தேவசகாயம் தோற்றுப்போனவர். காற்றாடிமலைக்குப் பொருத்தனை வைத்து ஏறுகிற ஒருவரும் அப்படி நினைப்பதில்லை.

அடுத்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." அருமையான வசனம். அதன் அடுத்த பாதி, ஆறுகளைக் கடக்கும்போது அவை உன்மேல் புரளுவதில்லை என்று போகும். இதைத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஒரு வீட்டில் கொடுப்பதற்கு முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலுக்குப் போனவர் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அங்கே உண்டு. அந்த வசனம் பாபிலோனிலிருந்து திரும்பப்போகும் ஒரு ஜனத்துக்குச் சொன்னது, ஒரு தனி ஆளுக்குக் கடலில் சாவு இல்லை என்று எழுதிக் கொடுத்த பத்திரம் இல்லை. பெட்டியில் இந்த விளக்கத்துக்கு இடமில்லை. கரையோர வீட்டுக்குப் போகும் பெட்டியிலிருந்து இதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் சங்கீதம் 34:18 வைக்கலாம்: "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து..." இது நடக்கப்போவதைப் பற்றி எதுவும் சொல்லாமல், பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது.

எரேமியா 29:11-உம் கட்டாயம் இருக்கும். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். கர்த்தர் நல்ல முடிவு வைத்திருக்கிறார் என்று வாசித்துவிட்டு அடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பார்கள். முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. இது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அது போன நாளில் அங்கே இருந்த பெரியவர்களில் பலர் அங்கேயே செத்திருப்பார்கள். அதனால்தான் ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. நீண்ட நோய்க்கு இந்த ஐந்தாம் வசனம்தான் உண்மையில் கைகொடுக்கும். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள் என்று முடிவான வீட்டில், என்றைக்கு நிற்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று ஏற்பாடு செய்ய அது சொல்கிறது. அட்டையில் 11-க்குக் கீழே மார்க்கரால் "5-ம் 10-ம் சேர்த்து வாசிக்கவும்" என்று எழுதுங்கள்.

ரோமர் 8:28-ஐப் பாதியாக அச்சடிப்பது இன்னொரு வழக்கம். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற துண்டு மட்டும். யாருக்கு என்ற முன்பாதி இடப் பற்றாக்குறையில் போய்விடும். அதே அதிகாரத்தில் 26-ஆம் வசனம், எப்படி ஜெபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர் பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்கிறது. ஜெபிக்க வாய் வராமல் கிடக்கிறவருக்கு 28-ஐவிட இதுதான் முதலில் வேண்டும். இந்த அட்டையைப் பெட்டிகளில் காண்பது அரிது.

மருந்து விஷயத்தில் ஆபத்தாக முடியக்கூடிய ஒன்று ஏசாயா 53:5, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". இதைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. அவர்களிடம் வாதாட வேண்டாம், அதே ஏசாயாவில் 38:21-ஐத் திறந்து காட்டுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான், ஜெபத்தைக் கேட்டேன், பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஏசாயா என்ன சொல்கிறார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள் என்கிறார். ஜெபமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசி வாயிலிருந்து. நெய்யூரில் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினதும் வேதத்தைக் கொண்டுவந்த அதே லண்டன் மிஷன்தான். 53:5 அட்டையைப் பெட்டியில் வைப்பதானால் 38:21-ஐயும் எழுதிச் சேர்த்து, இரண்டையும் ஒரு கிளிப்பில் கோத்து வையுங்கள்.

பிறகு அந்த ஒரு சொல், "சோதனை". தமிழில் பாவத்துக்கு இழுப்பதும் சோதனை, துன்பம் வந்து புடம்போடுவதும் சோதனை. யாக்கோபு முதல் அதிகாரத்தில் பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது சந்தோஷமாக எண்ணுங்கள் என்று ஓர் அட்டை. தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று ஒருவனும் சொல்லாதிருப்பானாக என்று அதே அதிகாரத்திலிருந்து இன்னோர் அட்டை. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை மற்றது என்று வந்தால் நோயாளி குழம்பாமல் என்ன செய்வார்? மூலத்தில் இரண்டுக்கும் ஒரே கிரேக்க வேர்தான், சூழலை வைத்துத்தான் பொருள் பிரியும். இரண்டாம் வசனம் வெளியிலிருந்து வரும் பாடு, பதின்மூன்றாம் வசனம் உள்ளே எழும் இச்சை.

இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான் ஊர் முழுக்கச் சொல்லும் "தாங்க முடியாததை ஆண்டவர் தரமாட்டார்" என்பது. அப்படி ஒரு வசனம் வேதத்தில் இல்லை. திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடார் என்கிற 1 கொரிந்தியர் 10:13 பேசுவது விக்கிரக விருந்துக்கும் இச்சைக்கும் இழுபடுவதைப் பற்றி. அதை எழுதிய பவுலே 2 கொரிந்தியர் 1:8-இல் தன் நிலையைச் சொல்கிறார்: பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம். தாங்க முடியவில்லை என்று அழுகிறவரிடம் உன்னால் தாங்க முடியும் என்று சொல்வது அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. 10:13 வெளியே, 1:8-9 உள்ளே.

பெட்டியில் உள்ளதிலேயே குறை சொல்ல முடியாத அட்டை 2 கொரிந்தியர் 12:9. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." முந்தின வசனத்தில், தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் கேட்டிருக்கிறார், முள் போகவில்லை. எவ்வளவு பெரிய சூழலைச் சேர்த்து வாசித்தாலும் இந்த வசனம் நிற்கும். கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13-உம் அப்படித்தான், ஆனால் 12-ஐச் சேர்த்தால் மட்டும். பட்டினியாயிருக்கவும் பழகியிருக்கிறேன் என்று சிறையிலிருந்து எழுதியவரின் பெலன் அது. தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்குச் சட்டைப்பையில் வைத்துவிடும் அட்டையாக அது மாறியது பரிதாபம்தான்.

இப்போது பிரிக்கும் முறை. ஒரு வேதாகமமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் மூன்றே கேள்வி: யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில். பதிலைப் பின்பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள், "எரேமியா, நாடு கடத்தப்பட்டவர்களுக்கு, கடிதம்" என்கிற அளவில். லேமினேட் அட்டையில் பென்சில் பிடிக்காது, மார்க்கர் வேண்டும். இன்ன நாளில் இன்னது நடக்கும் என்று வாசிக்க இடம்கொடுக்கும் அட்டைகளைத் தனியே எடுங்கள். நான் உன்னோடிருக்கிறேன் என்று சொல்லும் அட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். பாதி பெட்டி குறைந்துவிடும். குறையட்டும், மரத்த விரலுக்கு இடம் கிடைக்கும்.

தினம் ஒன்று என்ற கணக்கையும் விடுங்கள். ஓர் அட்டையை ஏழு நாள் வையுங்கள். முதல் நாள் அந்த அதிகாரம் முழுவதையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், மற்ற நாள்களில் அட்டை மட்டும் போதும். தினம் புதுச் சீட்டு எடுக்கும்போது மனம் நல்ல சீட்டு வந்ததா கெட்ட சீட்டு வந்ததா என்று பார்க்கத் தொடங்கிவிடும். கிளிஜோசியத்துக்கும் அதற்கும் அப்புறம் வித்தியாசம் அதிகமில்லை. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு முதல் பஸ் பிடிக்கப்போகும் அதிகாலையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். முந்தின இரவே எடுத்து மருந்துச் சீட்டோடு ஃபைலில் வைத்துவிடுங்கள். கீமோவோடு ஸ்டீராய்டும் போட்டிருந்தால் அன்றிரவு தூக்கம் வராமல் போகலாம். இரவு இரண்டு மணிக்குத்தான் அட்டைக்கு வேலை. மனப்பாடமான சங்கீதம் 23 மாதிரி ஒன்று அந்நேரத்துக்கு உகந்தது.

அங்கேதான் மொழிபெயர்ப்பைக் கவனிக்க வேண்டும். சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே வீடுகளில் காதில் ஊறியது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". கத்தோலிக்க வீட்டில் 1995-இல் வந்த திருவிவிலியத்தின் "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை". விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் படித்த மூத்தவர்களுக்கு இரண்டுமே பாதிதான் ஒட்டும். அவர்களுக்கு "எனிக்கு முட்டுண்டாகயில்ல" (எனக்குக் குறைவு உண்டாகாது) என்றால்தான் நெஞ்சில் போய் விழும். முட்டு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குள்ளேயே சபை மாறியிருப்பது இங்கே சாதாரணம். அதனால் வாங்குகிறவருக்குப் பிடித்த மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, படுத்திருப்பவர் சிறுவயதில் கேட்டதை வாங்குங்கள். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, அங்கே கேட்டுவிட்டே வாங்கலாம். கத்தோலிக்கப் பெட்டியானால் சீராக் என்ற புத்தகத்தின் இரண்டாம் அதிகாரமும் கிடைக்கும். ஆண்டவருக்குப் பணிசெய்ய வந்தால் சோதனைக்கு உன்னைத் தயார்ப்படுத்திக்கொள் என்று வெளிப்படையாகத் தொடங்கும் அதிகாரம் அது. புராட்டஸ்டன்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் சீராக் இல்லாததால் மற்றப் பெட்டிகளில் வராது.

கடைசியாக, எந்தப் பெட்டியிலும் இல்லாததை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம், வாக்குத்தத்தப் பெட்டியில் ஒன்றுகூட இருக்காது. புலம்பல் 3:22-23, கிருபை காலைதோறும் புதியது என்பது இருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தில் அதற்கு முன்னால் இருபத்தொரு வசனம் இருக்கிறது, கர்த்தர் எனக்குப் பதிவிருக்கிற கரடி என்று சொல்கிற அளவுக்கு. ஸ்டேஷனரிக் கடையில் வெற்று இன்டெக்ஸ் அட்டை பத்து வாங்குங்கள். பெட்டி அளவுக்கு வெட்டி, கருப்பு மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதுங்கள். சங்கீதம் 13:1, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". 22:1. 42:3. யோபு 3-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு வரி. 88-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம், தோழரையும் தூரமாக விலக்கினீர் என்று விடிவில்லாமலேயே முடிவது. ஐந்து அட்டையில் எழுதி, மீதி ஐந்தை வெறுமையாகவே விட்டு, ஒரு பேனாவும் உள்ளே போட்டுக் கொடுங்கள்.